போட்டுப் பார்க்காமல் கொடுப்பதில்லை

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் முதலிடம் சக்கரத்துக்கு என்பார்கள் சிலர். நெருப்புக்கு என்பார்கள் வேறு சிலர். இருவருமே விவரம் தெரியாதவர்கள். முதலிடம் பைத்தியச் சட்டத்துக்கே. சக்கரம் ஒரு மனிதரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். போனவர் அதே சக்கரத்தில் ஏறித் திரும்பி வந்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. பைத்தியச் சட்டத்தில் அந்தக் குறைபாடு கிடையாது.

இதை இயற்றிய துரைமார் நாட்டைவிட்டுக் கப்பலேறியபோது கொடி, பியானோ, வேட்டை நாய் எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்துப்போனார்கள். இந்தச் சட்டத்தை மட்டும் நமக்கென்று விட்டுப்போனார்கள். அப்புறம் கொடி மாறியது, அலுவலகச் சுவர்களில் தொங்கிய படங்கள் மாறின, தெருக்களின் பெயர்களும் மாறின. சட்டத்தில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. அவ்வளவு கருணையான சட்டத்தை மாற்ற யாருக்கு மனம் வரும்? வீட்டில் ஒருவருக்குப் புத்தி சரியில்லை என்று நெருங்கிய சொந்தக்காரர் ஒரு மனுப் போட வேண்டும். இரண்டு டாக்டர்கள் 'ஆமாம்' என்று எழுத வேண்டும். மாஜிஸ்திரேட் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை பேர் சிரமப்படுகிறார்களே தவிர, சம்பந்தப்பட்டவருக்கு ஒரு சிரமமும் இல்லை. அவரை யாரும் எதுவும் கேட்பதுகூட இல்லை.

மனுப் போட நாதியற்றவர்களையும் சட்டம் கைவிடவில்லை. 'நோக்கமின்றி அலைந்து திரிபவர்' எவரையும் போலீசே அன்போடு அழைத்துவரலாம் என்று அதில் ஒரு பிரிவு உண்டு.

இப்பேர்ப்பட்ட சட்டத்தோடு ஒரு தையல்காரம்மா மோதினார் என்றால், அவருடைய புத்தியைப் பற்றி நாம் என்ன நினைப்பது? நீங்களே சொல்லுங்கள்.

தெருமுனையில் அவருக்கு ஒரே ஓர் அறை. ஒரு மிதி மெஷின், துணி வெட்டும் பலகை, ஆளுயரக் கண்ணாடி, அதற்கு முன்னால் ஒரு மறைப்புத் திரை. வாசலில் ஒரு பலகை: 'போட்டுப் பார்க்காமல் கொடுப்பதில்லை.' சொன்னது சொன்னதுதான். தைத்த சட்டையை அதற்குரியவர் அங்கேயே போட்டு, இரண்டு கைகளையும் தூக்கி, ஒருமுறை உட்கார்ந்து எழுந்து காட்டினால்தான் உருப்படி கைக்கு வரும். அமைச்சரின் மனைவியே ஆள் அனுப்பிச் சட்டையை வாங்கிவரச் சொன்னபோதுகூட, "அந்த ஆளுக்கா தைச்சேன்? அம்மாவை வரச் சொல்லு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அவருக்கு இன்னொரு குணமும் உண்டு. விசாரிப்பார். உங்கள் மாமியாருக்கு முழங்கால் வலி எப்படி, மைத்துனர் மறுபடி வேலைக்குப் போகிறாரா, பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளி இன்னும் கிளம்பவில்லையா என்று ஒன்றுவிடாமல் கேட்பார். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருக்கும்போதும் கேட்பார். தெருவில் அவருக்கு 'விசாரணைக் கமிஷன்' என்றே பெயர். மற்ற விசாரணைக் கமிஷன்களின் அறிக்கை வருவதற்குள் சாட்சிகள் கிழவர்களாகிவிடுவார்கள். இவருடைய அறிக்கை அன்று மாலையே தெரு முழுக்க வந்துவிடும்.

தட்டச்சு டீச்சருக்கு ஒரு நீலச் சட்டை தைத்தார். மூக்குக்கண்ணாடி வைக்கப் பை வைத்தது. டீச்சர் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் நெடுங்காலம் தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். சும்மா இருக்கும்போதும் விரல்கள் மேசையில் எதையாவது அடித்துக்கொண்டேயிருக்கும். சட்டைக்கு நாள் குறித்துக்கொண்டு போனவர் வரவில்லை. டீச்சர் சொன்ன நாளில் வராதவர் அல்ல. தையல்காரம்மா சட்டையைக் கையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே போனார்.

கதவைத் திறந்தவர் டீச்சரின் ஒரே மகன். கட்டட ஒப்பந்தக்காரர், நகரப் பிரமுகர்.

"டீச்சர் இல்லையா தம்பி?"

"அம்மா ஊருக்குப் போயிருக்காங்க."

"எந்த ஊருக்கு?"

"சொந்த ஊருக்கு."

"இதுதானே அவங்க சொந்த ஊரு?"

ஒப்பந்தக்காரர் கொஞ்சம் யோசித்தார். "மக வீட்டுக்குன்னு சொல்ல வந்தேன்."

"நீங்க ஒத்தப் பிள்ளையாச்சே தம்பி. மக எப்பப் பிறந்தா?"

"வெளிநாட்டுல வைத்தியம் பார்க்கறாங்கக்கா. போதுமா? சட்டையைக் குடுத்துட்டுப் போங்க, நான் சேர்த்துடறேன்."

"போட்டுப் பார்க்காம குடுக்கறதில்ல தம்பி. கையைத் தூக்கச் சொல்லி, அக்குள்ல பிடிக்குதான்னு பார்க்கணும். எப்ப வருவாங்க?"

கதவு சாத்தப்பட்டது. அது சாத்தப்படுவதற்குள் உள்ளே அலமாரியில் டீச்சரின் மூக்குக்கண்ணாடி இருப்பதைத் தையல்காரம்மா பார்த்துவிட்டார். கண்ணாடி இல்லாமல் பக்கத்து நாற்காலிகூடத் தெரியாத மனுஷி, அதை விட்டுவிட்டு வெளிநாடு போயிருக்கிறாரா?

அதிலிருந்து நீலச் சட்டையும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார். "டீச்சரைப் பார்த்தீங்களா?" என்று ஆரம்பிப்பார். கேட்டது அதோடு நின்றிருந்தால் தெரு பொறுத்துக்கொண்டிருக்கும். மருந்துக்கடைக்காரர் வீட்டில், "ஆமா, உங்க தங்கச்சியையும் காணோமே, அவ பாவாடையும் எங்கிட்டதான் கிடக்கு" என்றார். பத்திரப்பதிவு எழுத்தர் வீட்டில், "பெரியம்மா எங்கே? ரவிக்கையை அளவு பிரிச்சுத் தைக்கச் சொன்னாங்களே?" என்றார். மரியாதைப்பட்டவர்கள் வசிக்கும் தெரு அது. சமீப காலமாகத்தான் அங்கே சண்டை சச்சரவு ஓய்ந்து, பழைய வீடுகள் இடிந்து, மாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அந்த நிம்மதியில் இந்த அம்மாள் மண்ணள்ளிப் போட்டார்.

ஒப்பந்தக்காரர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "மனுப் போட அவங்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார் சார்."

"மனு எதுக்கு? அலையறாங்க இல்ல? அது போதும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுநாள் காலையில் தெருவின் நடுவிலேயே விசாரணை நடந்தது.

"எங்கேம்மா போறீங்க?"

"ஒருத்தரைத் தேடிக்கிட்டுப் போறேன்."

"அவங்க எங்கே இருக்காங்க?"

"தெரிஞ்சா ஏன் சார் தேடறேன்?"

'போகுமிடம் தமக்கே தெரியாமல் அலைகிறார்' என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். அவர் பொய் எழுதவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சட்டப்படி இரண்டு டாக்டர்கள் சோதித்தார்கள். எதற்கான டாக்டர் என்று சட்டம் கேட்கவில்லை. ஆகவே அன்று ஓய்வாக இருந்த இருவர் வந்தார்கள். ஒருவர் பல் டாக்டர். 'நேரில் கண்டவை' என்ற இடத்தில் அவர், 'முதலில் வாயைத் திறக்க மறுத்தார். திறந்தபின் மூட மறுக்கிறார்' என்று எழுதினார். மற்றவர் எலும்பு டாக்டர். 'முறிவு எதுவும் இல்லை. எனவே கோளாறு வேறெங்கோதான் இருக்க வேண்டும்' என்பது அவருடைய முடிவு.

மாஜிஸ்திரேட் தங்கமான மனிதர். மனுக்களில் பெயரைப் படித்தால் மனத்தில் பாரபட்சம் புகுந்துவிடும் என்று, படிக்காமலே கையெழுத்திடுகிறவர். ஆனால் இந்த வழக்கில் கணவரே நேரில் வந்து நின்றார். பஸ் கண்டக்டர். தோளில் பையோடு, பணியிலிருந்து பாதியில் ஓடிவந்திருந்தார்.

"உங்க மனைவியை இப்பவே கூட்டிட்டுப் போகலாம்" என்றார் மாஜிஸ்திரேட். "ஒரே நிபந்தனை. இனிமே எந்த வீட்டு வாசல்லயும் நின்னு யாரையும் விசாரிக்காம நான் பார்த்துக்கறேன்னு உறுதிமொழி எழுதிக் குடுங்க."

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "ஐயா, பிரேக் பிடிக்காத பஸ்ஸைக் கையை நீட்டி நிறுத்தச் சொல்லுங்க, முயற்சி பண்றேன். இது என்னால ஆகாதுங்கய்யா."

"ஏங்க, சும்மா எழுதிக் குடுங்களேன்!" என்றார் தையல்காரம்மா.

"கோர்ட்டுல பொய் எழுதச் சொல்றியா?"

"நான் வீட்டுக்கு வர வேண்டாமா?"

"வரணும். நீ இல்லாம எனக்கு வீடு வீடாவா இருக்கும்? ஆனா வந்தா விசாரிக்க மாட்டியா?"

அவர் ஒரு நிமிடம் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "டீச்சர் கிடைக்கற வரைக்கும் விசாரிப்பேன்தான்."

"பாத்தீங்களா ஐயா?" என்றார் கண்டக்டர்.

இப்படி ஒரு உண்மையான தம்பதியை என் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று மாஜிஸ்திரேட் மனமுருகிப் பாராட்டினார். அதே உருக்கத்தோடு காப்பகத்துக்கு அனுப்பும் உத்தரவில் கையெழுத்திட்டார். வண்டியில் ஏறும்போது தையல்காரம்மா கணவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அதுவரை அவர் இதை ஒரு கூத்தாகத்தான் நினைத்திருந்தார். கண்டக்டர் வண்டிக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிவந்து, அழுகையை அடக்க முடியாமல் நின்றுவிட்டார்.

காப்பகத்தின் வாசலில் கத்தரி, அளவு நாடா, ஊசி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். துணி ஆயுதமல்ல என்பதால் நீலச் சட்டையை மட்டும் விட்டார்கள். நீளமான தாழ்வாரம், அதன் இரு பக்கமும் இரும்புக் கட்டில்கள், கட்டிலுக்கொரு எனாமல் குவளை. கடைசி ஜன்னலோரம் ஒரு மெலிந்த உருவம் ஜன்னல் விளிம்பில் விரல்களால் தட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர்!"

உருவம் கண்ணை இடுக்கிக்கொண்டு திரும்பியது. "குரல் தெரியுது. வந்துட்டியா? சட்டை ரெடியா?"

தையல்காரம்மா அவரைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். அழுது முடித்ததும் முதல் வேலையாகச் சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். டீச்சர் கையைத் தூக்கினார். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"ரெண்டு பக்கமும் பிடிக்கணும். என் அளவு தப்பாது டீச்சர். நீங்கதான் குறைஞ்சு போயிட்டீங்க."

சத்தம் கேட்டு மற்றக் கட்டில்களிலிருந்தும் தலைகள் எழுந்தன. மருந்துக்கடைக்காரரின் தங்கை, "அக்கா, என் பாவாடை?" என்று ஓடிவந்தாள். பத்திரப்பதிவு எழுத்தர் வீட்டுப் பெரியம்மா தூக்கத்திலிருந்து விழித்து, முழங்காலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

"என்ன டீச்சர் இது, நம்ம தெருவே இங்க இருக்கு?"

"தெரு பூராவும் இல்ல. வீடு யார் பேர்ல இருந்துச்சோ அவங்க மட்டும்தான்" என்றார் டீச்சர். "எட்டு மாடி கட்டணும், கையெழுத்துப் போடுன்னான். மாட்டேன்னேன். புத்தி சரியில்லன்னு அவனே மனு எழுதி, மகன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சுட்டான். இந்த மாதிரி மனு எத்தனையோ பேருக்கு நானே டைப் அடிச்சுக் குடுத்திருக்கேன். அடிக்கற அவசரத்துல அர்த்தம் பார்க்கல."

இங்கே சட்டத்தின் இன்னொரு மேன்மையைச் சொல்லியாக வேண்டும். உள்ளே வந்தவர்கள் உள்ளேயே இருந்துவிடக் கூடாதே என்று அது கவலைப்பட்டிருக்கிறது. அதற்காக மூவர் கொண்ட 'பார்வையாளர் குழு' அவ்வப்போது வரும். மூவரும் ஒத்துப்போனால் யாரையும் விடுவிக்கலாம். குழுவில் ஒருவர் மாஜிஸ்திரேட். ஒருவர் காப்பகத்தின் மேற்பார்வை டாக்டர், புதிதாக மாற்றலாகி வந்தவர். மூன்றாமவர் ஊரில் நற்பெயர் பெற்ற ஒரு 'கௌரவப் பார்வையாளர்'. அது நம் ஒப்பந்தக்காரர்தான். மூவரும் இதுவரை டீயைப் பற்றி மட்டுமே ஒத்துப்போயிருந்தார்கள்.

குழு ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று, "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்கும். உண்டு என்றால் 'சந்தேக நோய்'. இல்லை என்றால் 'சுற்றுப்புற உணர்வு அற்றுப்போதல்'. இரண்டுக்கும் ஒரே மாத்திரைதான்.

அடுத்த முறை குழு வந்தபோது, பெண்கள் பகுதியைப் பார்க்க வேண்டியதில்லை என்று ஒப்பந்தக்காரர் எவ்வளவோ சொன்னார். புதிதாக வெள்ளையடித்திருப்பதைக் காட்டியே தீருவேன் என்று டாக்டர் இழுத்துவந்துவிட்டார். வெள்ளையடித்த ஒப்பந்தமும் தம்முடையதுதான் என்பதால் ஒப்பந்தக்காரரால் மறுக்க முடியவில்லை.

"வாடா. சாப்பிட்டியா?" என்றார் டீச்சர், குரலை வைத்தே மகனை அடையாளம் கண்டு.

ஒப்பந்தக்காரர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். இத்தனை பெரிய மனிதர்களுக்கு முன்னால், இரும்புக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை அம்மா என்பதா? "பாவம். என்னை மகன்னு நினைக்கறாங்க" என்றார்.

டாக்டர் அனுதாபத்தோடு குறிப்பெழுதினார்: 'தீராத பிரமை. பிரமுகர்களைத் தன் பிள்ளை என்று நம்புகிறார். விரல்கள் காரணமின்றி ஆடுகின்றன.'

மாஜிஸ்திரேட்டுக்குத் தையல்காரம்மாவை அடையாளம் தெரிந்தது. "அடடே, நீங்களா! இன்னும் அந்த டீச்சரைத் தேடறீங்களா?"

"இல்லீங்கய்யா. கிடைச்சுட்டாங்க. இதோ."

"இவங்களா? இவங்க இந்தப் பெரிய மனுஷரோட அம்மான்னு நீங்களும் சொல்றீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் ஒப்பந்தக்காரர் பக்கத்தில் வந்து காதோடு பேசினார். "அக்கா, யாருன்னு தெரியாதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. மூணு கையெழுத்துல ஒண்ணு என்னோடது. இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

தையல்காரம்மா சபலப்பட்டார். அதை மறைப்பானேன்? மூன்று வேளையும் ரொட்டியும் டீயுமாகக் காலம் தள்ளும் கணவர், தூசி படிந்து கிடக்கும் மெஷின், திறந்த வாசல் எல்லாம் கண்முன் வந்தன. டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கண்ணை இடுக்கி, அவர் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதுங்கய்யா" என்றார் தையல்காரம்மா.

டீச்சரின் விரல்கள் நின்றுபோயின. ஒப்பந்தக்காரருக்கு மூச்சு வந்தது.

"நான் தைக்கறவ. எனக்கு அளவு தெரியும், உறவு தெரியுமா? அவரே அம்மா இல்லன்னு சொல்லும்போது நான் யாரு அதைச் சொல்ல? ஒரே ஒரு விவரம் மட்டும் விசாரிச்சுக்கறேன்."

"கேளுங்க."

"சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டாத்தானே இங்க சேர்ப்பாங்க? இவர் மகன் இல்லன்னா, மகன்னு கையெழுத்துப் போட்டு இவங்களை இங்க சேர்த்தது யாருங்கய்யா?"

மாஜிஸ்திரேட் மெல்லத் திரும்பினார். "யார் போட்டது?"

"நான்தான் சார். ஆனா..."

"அப்போ அம்மாவா?"

"ஆமா சார். அதாவது, வீட்டுல அம்மா. இங்க நோயாளி."

"மகன் இல்லாம மகன்னு கையெழுத்துப் போட்டிருந்தா அது மோசடி. நான் இன்ஸ்பெக்டரைக் கூப்பிடணும்."

"அம்மாதான் சார்! பெத்த அம்மா!"

டாக்டர் தன் குறிப்பைப் பார்த்து வருத்தப்பட்டார். "அப்படின்னா இது பிரமை இல்லையே. மகனை மகன்னு சொல்லியிருக்காங்க. அடிச்சுடறேன். ஆனா அந்த விரல்?"

"டைப் அடிக்கறேன்" என்றார் டீச்சர்.

"என்ன டைப் அடிக்கறீங்க?"

"விடுதலை மனு. தினமும் காலையில ஒண்ணு."

மாஜிஸ்திரேட் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். மகனை அடையாளம் தெரிந்த தாய்க்கு நோய் இல்லை. நோக்கமின்றி அலைந்தவர் என்று கொண்டுவரப்பட்ட தையல்காரம்மா தேடியவர் உண்மையிலேயே இருப்பதால், அவருக்கும் நோய் இல்லை. இருவரும் போகலாம்.

"இன்னும் ரெண்டு பேர் அளவு என்கிட்ட பாக்கி இருக்குங்கய்யா" என்று தையல்காரம்மா மற்றக் கட்டில்களைக் காட்டினார்.

"அவங்க மனுவையும் நாளைக்கே எடுத்துப் பார்க்கறேன்" என்றார் மாஜிஸ்திரேட். "இந்த முறை படிச்சே பார்க்கறேன்."

மூன்றாவது கையெழுத்துக்காகப் பேனா ஒப்பந்தக்காரரிடம் வந்தது. மறுத்தால் மோசடி, போட்டால் வீடு போச்சு. போட்டார். போட்ட மாத்திரத்தில் அவருக்குள் ஏதோ அறுந்துவிட்டது. "எட்டு மாடி! எட்டு மாடிக்கு அனுமதி வாங்கியாச்சு! லிஃப்ட் வந்து இறங்கிடுச்சு!" என்று கத்தினார். கட்டிலை உதைத்தார். குவளையை வீசினார். தாமே அடித்த வெள்ளைச் சுவரைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா என் கஷ்டம்?" என்று கேட்டார். சுவர் பதில் சொல்லாததால் அதை அறைந்தார்.

டாக்டரின் முகத்தில் தொழில் ஆர்வம் படர்ந்தது. புதுத் தாள் ஒன்றை எடுத்து, 'நேரில் கண்டவை' என்று தலைப்பிட்டார்.

"இன்னொரு டாக்டர் வேணுமே?" என்றார் மாஜிஸ்திரேட்.

"பல் டாக்டர் பக்கத்துத் தெருதான் சார். கூப்பிட்டா வந்துடுவார். மனுவுக்குத்தான் நெருங்கின சொந்தம் ஒருத்தர் வேணும்."

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். அவர் இப்போது சட்டப்படி முழுப் புத்தியுள்ளவர். அவர் கையெழுத்து இனிச் செல்லும். டாக்டர் பணிவோடு பேனாவை நீட்டினார்.

ஒப்பந்தக்காரர் சட்டென்று அடங்கினார். "அம்மா" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு, யாரும் கேட்காமலே.

டீச்சர் பேனாவை வாங்கி, விரல்களுக்கிடையே கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம் டாக்டர். இவனுக்குப் பைத்தியம் இல்ல."

"இவ்வளவு உறுதியா எப்படிம்மா சொல்றீங்க?"

"பைத்தியமா இருந்திருந்தா, நான் மன்னிச்சிருப்பேனே" என்றார் டீச்சர்.